வேர்முடிச்சு பாக்டீரியா தன் பிளாஸ்மிடை எப்படி எண்ணி வைத்திருக்கிறது?

கேரளத்தின் காந்தல்லூர், வட்டவடை மலைச்சரிவுகளில் பூண்டுக்கும் கேரட்டுக்கும் நடுவே பீன்ஸ் போடுவது வழக்கம். பூக்கும் பருவத்தில் ஒரு பீன்ஸ் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால், 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் உருண்டை முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது. காற்றிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். மாற்றித் தருவது முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற மண் பாக்டீரியா.

பீன்ஸ் ரைசோபியத்தில் ஒரு விசேஷம் உண்டு. முடிச்சுப் போடவும் நைட்ரஜனைப் பிடிக்கவும் தேவையான மரபணுக்கள் அதன் குரோமோசோமில் இல்லை. தனி வளையமாகச் சுற்றியிருக்கும் ஒரு பெரிய டிஎன்ஏவில் இருக்கின்றன. அந்த வளையம்தான் பிளாஸ்மிட். அதை இழந்த ரைசோபியம் சாவதில்லை. மண்ணில் வழக்கம்போல் வளரும், பெருகும், ஆய்வகத் தட்டிலும் அதே வெள்ளைப் புள்ளியாகவே தெரியும். பீன்ஸ் வேரில் மட்டும் முடிச்சுப் போடாது. ஆகவே ஒவ்வொரு செல் பிரிவிலும் இந்த வளையம் இரு மகள் செல்களுக்கும் போய்ச் சேருகிறதா என்பது பாக்டீரியாவுக்கும் பீன்ஸ் போட்டவருக்கும் ஒருசேர முக்கியம். எத்தனை வளையங்கள் இருக்கின்றன என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது, கூடினால் எப்படி நிறுத்துகிறது, குறைந்தால் எப்படி ஈடுகட்டுகிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

வளையம் எவ்வளவு பெரியது

பிளாஸ்மிட் என்ற பெயரை 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க் வைத்தார். குரோமோசோமுக்கு வெளியே இருந்துகொண்டு, தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் டிஎன்ஏ என்று சுருக்கமாகச் சொல்லலாம். பாடப்புத்தகங்களில் வரும் பிளாஸ்மிட் பெரும்பாலும் சில ஆயிரம் கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) கொண்ட சின்ன வளையம். மண் பாக்டீரியாக்களின் பிளாஸ்மிடுகள் அந்த அளவில் நிற்பதில்லை.

பீன்ஸ் முடிச்சு பாக்டீரியாவில் மிக விரிவாக ஆராயப்பட்டது மெக்சிகோவைச் சேர்ந்த ரைசோபியம் எட்லி சிஎஃப்என்42 என்ற ரகம். அதன் குரோமோசோம் ஏறத்தாழ 43.8 லட்சம் கார இணை நீளம். அதோடு ஆறு பிளாஸ்மிடுகள். சிறியது ஏறத்தாழ 1.8 லட்சம், பெரியது 6.4 லட்சம் கார இணை. மொத்த மரபுப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்மிடுகளில்தான் இருக்கிறது. முடிச்சு மரபணுக்களைச் சுமப்பது பி42டி எனப்படும் வளையம், நீளம் 3.71 லட்சம். குதிரைமசால் வேரில் முடிச்சுப் போடும் சைனோரைசோபியம் மெலிலோட்டியில் இரண்டு பிளாஸ்மிடுகள், அவை 13.5 லட்சமும் 16.8 லட்சமும். சில பாக்டீரியாக்களின் முழு குரோமோசோமே இவ்வளவு பெரிதில்லை.

இவ்வளவு பெரிய வளையத்தை ஒவ்வொரு முறை நகலெடுக்கவும் செல்லுக்குச் செலவு ஆகிறது. பத்துப் பிரதி வைத்துக்கொண்டால் மெதுவாக வளரும். மண்ணில் பக்கத்துச் செல் முந்திக்கொள்ளும். ஆகவே இந்த வகைப் பிளாஸ்மிடுகள் குரோமோசோம் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பிரதி என்ற கணக்கில் நிற்கின்றன.

ஒன்றிரண்டு என்று வைத்தால் வேறொரு ஆபத்து வருகிறது. செல் பிரியும் நேரத்தில் எத்தனை பிரதி இருக்கிறதோ அதை 'எ' என்று வைத்துக்கொள்வோம். பிரதிகள் தற்செயலாக இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால், ஒரு மகள் செல் வெறுங்கையோடு போகும் வாய்ப்பு, பாதியை 'எ' தடவை பெருக்கி அதை இரட்டிப்பதற்குச் சமம். 20 பிரதி இருந்தால் ஐந்து லட்சம் பிரிவுகளுக்கு ஒருமுறைதான் அப்படி நடக்கும். அது பொருட்டே இல்லை. 4 பிரதி என்றால் எட்டில் ஒன்று. 2 பிரதி என்றால் இரண்டில் ஒன்று! அந்தக் கணக்கில் ஒவ்வொரு தலைமுறையிலும் பிளாஸ்மிட் உள்ள செல்களின் பங்கு முக்காலாகக் குறையும். இருபது தலைமுறையில் ஆயிரத்துக்கு மூன்று செல்லில்தான் பிளாஸ்மிட் மிஞ்சும். ரைசோபியத்துக்கு இருபது தலைமுறை என்பது சில நாள் வேலை. ஆனால் உண்மையில் பி42டி சாதாரண வளர்ப்பில் மிக அரிதாகவே தொலைகிறது. அதாவது தற்செயலுக்கு விடாமல் பங்கு போடும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருந்தே ஆகவேண்டும். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் பங்கு போடுவதும் ஆகிய இரண்டு வேலையையும் இந்தப் பிளாஸ்மிடுகள் ஒரே மரபணுத் தொகுப்பில் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பொதுவான விதி

எந்தப் பிளாஸ்மிடாக இருந்தாலும் கட்டுப்பாடு நகலெடுப்பின் முதல் அடியில்தான். ஒருமுறை தொடங்கிவிட்டால் நகலெடுப்பு முழு வளையத்தையும் சுற்றி முடிக்கும். நடுவழியில் நிறுத்த வழி இல்லை. எனவே தொடக்கப் புள்ளியில் எத்தனை முறை பொறி பற்றுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். பொறி பற்றவைக்கும் புரதத்தைத் தொடக்கி என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்க ஒரு தடை வேண்டும். அந்தத் தடையைப் பிளாஸ்மிடே தயாரிக்க வேண்டும். அப்போதுதான் பிளாஸ்மிட் கூடினால் தடை கூடும், குறைந்தால் தடை குறையும். மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு இப்படித்தான் வேலை செய்கிறது: தண்ணீர் ஏறினால் அதுவே வரத்தை அடைக்கிறது.

தடை என்ன பொருளால் ஆனது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன. ஈ.கோலையின் கோல்-ஈ1 பிளாஸ்மிடில் தடை ஒரு சிறிய ஆர்என்ஏ. நகலெடுப்புக்கு அடிபோடும் இன்னொரு ஆர்என்ஏவோடு அது ஒட்டிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும். ஆர்கே2 போன்ற, பல இன பாக்டீரியாக்களுக்குள் தாவக்கூடிய பிளாஸ்மிடுகளில், தொடக்கப் புள்ளியருகே திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ வரிசைகள் உண்டு. அவற்றின் மேல் உட்காரும் புரதம் பிரதிகள் அதிகமானால் இரண்டு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துவிடும், இரண்டும் நின்றுபோகும். இரண்டுமே நன்றாக ஆராயப்பட்ட முறைகள். ஆனால் ரைசோபியம், அக்ரோபாக்டீரியம் போன்ற ஆல்ஃபா-புரோட்டியோபாக்டீரியா வகுப்பின் பெரிய பிளாஸ்மிடுகளில் ஆட்சி செய்வது வேறொன்று. அதன் பெயர் ரெப்-ஏபிசி.

ரெப்-ஏபிசி: மூன்று மரபணு, ஒரு குட்டி ஆர்என்ஏ

ரெப்-ஏ, ரெப்-பி, ரெப்-சி என்ற மூன்று மரபணுக்கள் இந்த வரிசையிலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. ரெப்-ஏவுக்கு முன்னால் உள்ள ஒரே எழுத்துத் தொடக்கத்திலிருந்து (புரோமோட்டர்) மூன்றும் ஒரே நீண்ட தூது ஆர்என்ஏவாக, அதாவது புரதம் தயாரிப்பதற்கான நகலாக, எழுதப்படுகின்றன. இப்படி ஒன்றாக எழுதப்படும் தொகுப்பை ஓபெரான் என்பார்கள்.

ரெப்-சிதான் தொடக்கி. வேடிக்கை என்னவென்றால், நகலெடுப்பு தொடங்கும் இடமும் ரெப்-சி மரபணுவின் உள்ளேயே இருக்கிறது. அடினினும் தைமினும் மிகுந்து எளிதில் பிரியக்கூடிய ஒரு துண்டு அது. ஒரு ரெப்-சி மரபணுவையும், புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வந்து பிடிக்கும் இடத்தையும் (ரைபோசோம் பிடிப்பிடம்), ஒரு சாதாரண எழுத்துத் தொடக்கத்தையும் சேர்த்து ஒரு வளையத்தில் வைத்தால் அது ரைசோபியத்துக்குள் நகலெடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் இல்லாமலே ஓடும், ஆனால் நிலைக்காது.

ரெப்-ஏவும் ரெப்-பியும் பங்கு போடும் இணை. ரெப்-பி, பிளாஸ்மிடில் உள்ள பார்-எஸ் என்ற குறிப்பிட்ட வரிசையைப் பிடித்துக்கொள்ளும். ரெப்-ஏ, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை உடைத்து வரும் ஆற்றலால், அந்தப் பிடியில் உள்ள பிரதிகளைச் செல்லின் இரு பக்கங்களுக்கும் நகர்த்தும். மேலே சொன்ன 'இரண்டில் ஒன்று' ஆபத்தைத் தடுப்பது இந்த ஜோடிதான்.

அதோடு ரெப்-ஏவுக்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு. ஓபெரானின் எழுத்துத் தொடக்கத்திலேயே போய் உட்கார்ந்து, மொத்த எழுத்தையும் குறைக்கிறது. ரெப்-பி கூட நின்றால் இந்த அடைப்பு இன்னும் இறுகும். பிரதி கூடினால் ரெப்-ஏ கூடும், ரெப்-ஏ கூடினால் ஓபெரான் அடங்கும், ரெப்-சி குறையும். இது முதல் தடை.

இரண்டாவது தடைதான் எங்கள் பார்வையில் இந்த ஏற்பாட்டிலேயே மிக நுட்பமானது. நிதானமாகப் படியுங்கள். ரெப்-பிக்கும் ரெப்-சிக்கும் நடுவில் புரதம் எதையும் குறிக்காத ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் எதிர் இழையிலிருந்து, ஏறத்தாழ ஐம்பது அறுபது எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ ஒன்று இடைவிடாமல் தயாராகிறது. எதிர் இழையிலிருந்து வருவதால் தூது ஆர்என்ஏவின் அந்தப் பகுதிக்கு அது கச்சிதமான ஜோடி.

தூது ஆர்என்ஏ எழுதப்பட்டு ரெப்-பியைத் தாண்டி இந்த இடைவெளிக்கு வரும்போது, அது இரண்டு விதமாக மடியலாம். குட்டி ஆர்என்ஏ அருகில் இல்லையென்றால் ஒரு நீண்ட தண்டாக மடியும், ரெப்-சியின் ரைபோசோம் பிடிப்பிடம் திறந்தே இருக்கும், ரெப்-சி புரதம் தயாராகும், நகலெடுப்பு தொடங்கும். குட்டி ஆர்என்ஏ வந்து முன்பகுதியில் ஒட்டிக்கொண்டால் நீண்ட தண்டு உருவாக முடியாது. அதற்குப் பதிலாகப் பின்பகுதி மட்டும் ஒரு சிறு தண்டாக மடியும். அந்தச் சிறு தண்டு எழுத்தை அங்கேயே முடித்துவைக்கும். தப்பித் தொடர்ந்தாலும் ரைபோசோம் பிடிப்பிடத்தை மறைத்துவிடும். விளைவு: ரெப்-ஏவும் ரெப்-பியும் வழக்கம்போல் தயாராகும், ரெப்-சி மட்டும் நிற்கும். அதாவது பங்கு போடும் ஆட்கள் வேலையில் இருக்க, நகலெடுப்பு மட்டும் அடங்கும். ஒரே ஓபெரானை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் தனித்தனியாக அளக்க முடிவது இதனால்தான்.

இந்தக் குட்டி ஆர்என்ஏ சீக்கிரம் அழியக்கூடியதாக இருக்க வேண்டும். தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஒரு செல்லுக்கு இரண்டு பிரதிக்குப் பதில் ஒன்றே வந்து சேர்ந்தது என்று வையுங்கள். தடை நீண்ட காலம் அழியாத பொருளாக இருந்தால், தாய்செல்லிலிருந்து வந்த பழைய கையிருப்பு இன்னும் 'இரண்டு பிரதி' அளவிலேயே நிற்கும். செல்லுக்குக் குறை தெரியாது. ஈடுகட்டாமலே அடுத்த பிரிவுக்குப் போய்விடும். வேகமாக அழியும் பொருளாக இருந்தால், எந்த நிமிடத்திலும் அதன் அளவு அந்த நிமிடத்துப் பிரதி எண்ணிக்கைக்கு ஏற்றதாக இருக்கும். பிரதி ஒன்றானதும் தடை பாதியாகும், ரெப்-சி கூடும், ஒரு நகல் கூடுதலாகப் பிறக்கும். கோல்-ஈ1இன் தடை ஆர்என்ஏவுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அங்கேயும் இதே காரணம்தான்.

மூன்றாவதாக ஒரு நுட்பம். ரெப்-சி தான் பிறந்த வளையத்தின் தொடக்கப் புள்ளியில்தான் வேலை செய்கிறது. பக்கத்து வளையத்துக்குப் போய் உதவுவதில்லை. பட்டாணி முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியம் லெகுமினோசாரம் 3841 ரகத்தில் ஆறு பிளாஸ்மிடுகள். ஆறிலும் ரெப்-ஏபிசி இருக்கிறது. ஒன்றின் ரெப்-சி மற்றொன்றைத் தூண்டினால் கணக்கு குழம்பிப்போகும். குழம்பாமல் இருக்க இந்தத் தன்மை உதவுகிறது. தவிர, ஆறிலும் குட்டி ஆர்என்ஏவின் எழுத்து வரிசையும் பங்கீட்டுப் புரதங்களின் பிடிப்பும் வெவ்வேறு. ஆகவே ஒவ்வொரு வளையமும் தன்னை மட்டுமே எண்ணிக்கொள்கிறது.

ஒவ்வொன்றையும் நீக்கிப் பார்த்தால்

பொறிமுறையைப் புரிந்துகொண்டோமா என்று சோதிக்க நல்ல வழி, ஒரு பாகத்தை எடுத்துவிட்டு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பது. ரெப்-சியை எடுத்தால் நகலெடுப்பே இல்லை. குட்டி ஆர்என்ஏவின் எழுத்துத் தொடக்கத்தைக் கெடுத்தால் பிரதி எண்ணிக்கை ஏறும். ரெப்-ஏவை எடுத்தால் முதல் தடை விலகுவதால் பிரதி சற்றுக் கூடும். ஆனால் அதே பிளாஸ்மிட் செல்களிலிருந்து வேகமாகத் தொலையவும் தொடங்கும். எண்ணிக்கை கூடியும் ஏன் தொலைகிறது என்று கேட்டால், பங்கு போட ஆள் இல்லை. பார்-எஸ் வரிசையை எடுத்தாலும் பிளாஸ்மிட் நிலைக்காது. பிரதி எண்ணிக்கையும் நிலைத்தன்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தடையைத் தளர்த்தும் நேரம்: கட்டி உண்டாக்கும் பிளாஸ்மிட்

இதுவரை சொன்னது பிரதியை ஒன்றிரண்டில் பிடித்து நிறுத்தும் கதை. சில வேளை அதைத் தளர்த்துவதும் பிளாஸ்மிடுக்கு லாபம். ரெப்-ஏபிசியிலேயே இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அக்ரோபாக்டீரியத்தின் டிஐ பிளாஸ்மிட்.

காந்தல்லூரில் ஆப்பிள், பிளம்ஸ், பீச் மரங்கள் வைத்திருப்பவர்களும் ரோஜா வளர்ப்பவர்களும் இந்த பாக்டீரியாவை அறிந்திருப்பது நல்லது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் அது சொரசொரப்பான கட்டியை உண்டாக்கும். கட்டிக்குக் காரணம் இந்த பாக்டீரியா என்று 1907இல் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். கட்டி உண்டாக்கும் திறன் ஒரு பெரிய பிளாஸ்மிடில் இருக்கிறது என்று 1974இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஷெல், வான் மோண்டாகு குழுவினர் கண்டார்கள். சி58 என்ற ரகத்தில் அந்த வளையம் ஏறத்தாழ 2.14 லட்சம் கார இணை.

காயம்பட்ட செடியிலிருந்து அசிட்டோசிரிங்கோன் போன்ற ஃபீனால் பொருட்கள் கசியும். விர்-ஏ என்ற புரதம் அதை உணர்ந்து விர்-ஜியைத் தட்டி எழுப்பும். விர்-ஜி, தாக்குதல் மரபணுக்களை மட்டுமல்லாமல் ரெப்-ஏபிசி ஓபெரானையும் முடுக்கும். பிரதி ஏறும். பிரதி ஏறினால் செடிக்குள் அனுப்ப வேண்டிய டிஎன்ஏ துண்டும் அதை அனுப்பும் கருவிகளும் அதிகமாகக் கிடைக்கும். விர்-ஏ 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சரியாக வேலை செய்யாது, காரஅமில நிலை (pH) 5.5ஐ ஒட்டி இருந்தால் நன்றாக வேலை செய்யும். செடிக்கு மரபணு செலுத்தும் ஆய்வகங்கள் அக்ரோபாக்டீரியத்தையும் செடித் துண்டையும் 25 டிகிரிக்குக் கீழே சேர்த்து வைப்பதும், ஊடகத்தில் 100 முதல் 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் சேர்ப்பதும் இதனால்தான். குளிரூட்டி நின்று அறை சூடான அன்று மாற்றம் நடக்காமல் போவதற்கும் காரணம் இதுவே.

கட்டி உருவான பிறகு இரண்டாவது தளர்வு. கட்டியின் செல்கள் ஓப்பைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது அந்த பாக்டீரியாவுக்கு உணவு. ஓப்பைன் கிடைத்தால் டிரா-ஆர் என்ற புரதம் தயாராகும். ஆனால் அது தனியாக வேலை செய்யாது. ஒவ்வொரு செல்லும் சிறிது சிறிதாக வெளியிடும் ஒரு சமிக்ஞைப் பொருள் சுற்றிலும் போதிய அளவு சேர்ந்திருக்க வேண்டும். உணவும் இருக்கிறது, கூட்டமும் கூடியிருக்கிறது என்ற இரண்டும் உறுதியான பிறகே டிரா-ஆர் ஓபெரானை முடுக்குகிறது. பிரதி எண்ணிக்கை பல மடங்கு ஏறுகிறது. அதே சமயம் பிளாஸ்மிடை அடுத்த செல்லுக்குக் கடத்தும் மரபணுக்களும் விழிக்கின்றன. பிளாஸ்மிட் இல்லாத, தீங்கற்ற அக்ரோபாக்டீரியங்கள் பக்கத்தில் இருந்தால் அவையும் கட்டி உண்டாக்கும் திறனைப் பெற்றுவிடும்.

தோட்டக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கட்டியை வெட்டி மரத்தடியிலேயே போடக் கூடாது. பிளாஸ்மிட் பெருகிப் பரவுவதற்கு ஏற்ற இடமே கட்டிதான். வெட்டியதை வெளியே கொண்டுபோய் எரியுங்கள். ஒட்டுக்கத்தியையும் கவாத்துக் கத்தரியையும் மரத்துக்கு மரம் கிருமிநீக்கம் செய்யுங்கள். களைவெட்டு தண்டின் கழுத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; காயம் இல்லாமல் இந்த பாக்டீரியா உள்ளே வராது.

ஒரே வகை இரண்டு சேர்ந்திருக்காது

ஒரே குட்டி ஆர்என்ஏ, ஒரே பங்கீட்டுப் புரதம் கொண்ட இரண்டு பிளாஸ்மிடுகளை ஒரு செல்லில் வைத்தால் என்ன ஆகும்? தடைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 'போதுமான பிரதி இருக்கிறது' என்று இரண்டையும் சேர்த்தே எண்ணும். சில தலைமுறைகளில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். ரெப்-ஏபிசி பிளாஸ்மிடுகளில் குட்டி ஆர்என்ஏ, பார்-எஸ், ரெப்-ஏ ஆகிய மூன்றுமே தனித்தனியாக இந்த மோதலை உண்டாக்கக்கூடியவை.

ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்மிடை வேண்டுமென்றே நீக்க இது கைகொடுக்கிறது. பி42டியின் குட்டி ஆர்என்ஏ பகுதியை, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு கொண்ட ஒரு சிறு பிளாஸ்மிடில் வைத்து ரைசோபியத்துக்குள் செலுத்தி, அந்த ஆன்டிபயாடிக் உள்ள தட்டில் வளர்த்தால், சிறியது தங்கும், பி42டி வெளியேறும். மற்றொரு வழி, பிளாஸ்மிடில் சாக்-பி என்ற மரபணுவைப் பொருத்திவிட்டு, 5 முதல் 10 சதவீத சர்க்கரை உள்ள தட்டில் பரப்புவது. சாக்-பி உள்ள செல் சர்க்கரையில் பிழைக்காது. பிளாஸ்மிடை இழந்தவை மட்டும் வளரும். சாக்-பி தானே திடீர்மாற்றத்தால் கெட்டுப்போன செல்களும் இந்தத் தட்டில் வளரும் என்பதால், கிடைத்த புள்ளிகளை ஜெல்லில் சோதிக்காமல் முடிவு சொல்லக் கூடாது.

மூன்றாவது வழி வெப்பம். அக்ரோபாக்டீரியம் சி58ஐ 37 டிகிரியில் வளர்த்தால் டிஐ பிளாஸ்மிடை இழக்கிறது என்று 1971இலேயே காட்டப்பட்டது. தீவனப்புல்லோடு விதைக்கும் கிளோவர் பயிரின் ரைசோபியத்திலும் 35 டிகிரியில் முடிச்சு பிளாஸ்மிட் தொலைந்தது பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் உகந்த வளர்ப்பு வெப்பநிலை 28 டிகிரி.

பிளாஸ்மிட் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது

முதல் கட்டம் வளர்ப்பு. ஒரு லிட்டர் ஊடகத்துக்கு மானிட்டால் 10 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், உப்பு 0.1 கிராம், ஈஸ்ட் சாறு 0.5 கிராம், அகார் 15 கிராம். காரஅமில நிலை 6.8. ஒரு சதவீத காங்கோ ரெட் கரைசல் 2.5 மில்லி சேர்த்தால் ரைசோபியம் நிறம் உறிஞ்சாமல் வெள்ளையாக நிற்கும்; பல கலப்பு பாக்டீரியாக்கள் சிவக்கும். 28 டிகிரியில் மூன்று நாள். இந்தத் தட்டு பிளாஸ்மிடைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை மறக்க வேண்டாம். பிளாஸ்மிட் போன செல்லும் வெள்ளைதான்.

லட்சக்கணக்கான கார இணை நீளமுள்ள வளையத்தைச் சாதாரண கிட் வைத்துப் பிரித்தெடுக்க முடியாது. பிப்பெட்டில் உறிஞ்சும் விசையே அதை அறுத்துவிடும். அதனால் செல்லை ஜெல்லின் குழிக்குள்ளேயே உடைக்கும் எக்கார்ட் முறை. மின்சாரம் செலுத்தினால் வளையங்கள் அளவுக்கேற்ப ஜெல்லில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். இளம் வளர்ப்பாக, வளர்ச்சி வேகமெடுக்கும் கட்டத்தில் செல்களை எடுக்க வேண்டும். ரைசோபியம் கோழை மிகுதியாகச் சுரக்கும். அதை நீக்க 0.3 சதவீத சார்கோசிலில் ஒருமுறை கழுவுங்கள். பிறகு லைசோசைம், ஆர்என்ஏஸ், சுக்ரோஸ் சேர்ந்த கரைசலில் கலக்கி, சோப்புப் பொருளான எஸ்டிஎஸ் கலந்த 0.75 சதவீத அகரோஸ் ஜெல்லின் குழியில் உடனே இறக்குங்கள். முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் செல் உடையட்டும், பின்பு ஏற்றுங்கள். பட்டைகளுக்குப் பதில் மேலே ஒரே தீற்றலாகத் தெரிந்தால், செல் அதிகம் அல்லது கோழை போகவில்லை. குரோமோசோம் சிதறல் மட்டும் தெரிந்து பட்டை எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் கலக்கும்போது வளையம் அறுந்திருக்கும். 'பிளாஸ்மிட் இல்லை' என்ற முடிவுக்குத் தாவுவதற்கு முன், பிளாஸ்மிட் உறுதியாக உள்ள ஒரு ரகத்தைப் பக்கத்துக் குழியில் ஓட்டிப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு நிகழ்நேர பிசிஆர், அதாவது டிஎன்ஏ துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டித்து அளக்கும் முறை. பிளாஸ்மிடில் ஒன்றே ஒன்றாக உள்ள ஒரு மரபணுவையும் குரோமோசோமில் ஒன்றே ஒன்றாக உள்ள ஒரு மரபணுவையும் ஒரே டிஎன்ஏ மாதிரியில் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாகக் குரோமோசோமிலுள்ள ரெக்-ஏ 18.4ஆம் சுற்றிலும் பிளாஸ்மிடிலுள்ள நாட்-சி 18.1ஆம் சுற்றிலும் எழுந்தால், வித்தியாசம் 0.3, இரண்டின் 0.3 அடுக்கு ஏறத்தாழ 1.2. குரோமோசோமுக்கு 1.2 பிரதி. இரு பிரைமர் ஜோடிகளின் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) திறனும் 90 முதல் 110 சதவீதத்துக்குள் ஒத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நைட்ரஜன் பிடிப்பு என்றதும் நிஃப்-எச் மரபணுவையே தேர்ந்தெடுக்கத் தோன்றும். பி42டியில் நிஃப்-எச் மூன்று இடங்களில் இருக்கிறது! ஒரு பிளாஸ்மிடை மூன்றாக எண்ணி, கட்டுப்பாடு கெட்டுவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். இன்னொரு பொறி, வேகமாக வளரும் செல்லில் குரோமோசோமின் தொடக்கப் புள்ளிக்கு அருகிலுள்ள மரபணுக்கள் ஒன்றுக்கு மேல் நிற்கும். பிளாஸ்மிட் ஒன்றுக்கும் குறைவாகத் தெரியும். ஒப்பிடும் மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் எடுங்கள்.

ஆனாலும் இறுதித் தீர்ப்பு செடியுடையது. பீன்ஸ் விதையை 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஐந்து நிமிடம் வைத்து, கிருமிநீக்கிய தண்ணீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். முளைத்ததும் கிருமிநீக்கிய மணலிலோ வெர்மிகுலைட்டிலோ நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லி வளர்ப்பு ஊற்றி, நைட்ரஜன் இல்லாத ஊட்டக் கரைசல் கொடுங்கள். மூன்று வாரத்தில் முடிச்சைப் பாருங்கள். பாக்டீரியா ஊற்றாத சில செடிகளும், பொட்டாசியம் நைட்ரேட் கொடுத்த சில செடிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊற்றாத செடியில் முடிச்சு வந்தால் மணலோ தண்ணீரோ சுத்தமில்லை. அந்தச் சோதனை செல்லாது.

பாக்கெட் கைக்கு வரும்போது

மலையில் பயன்படும் ரைசோபியம் பாக்கெட்டுகள் பல நேரம் உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஏறி வருகின்றன. சித்திரை வெயிலில் வண்டியின் பின்பெட்டியில் கிடந்த பாக்கெட் 40 டிகிரியை எளிதில் தாண்டும். இதில் பிளாஸ்மிட் இழப்பைவிடப் பெரிய ஆபத்து, செல்கள் மொத்தமாகச் செத்துப்போவது. செத்தது போக மிஞ்சியவற்றில் பிளாஸ்மிட் தொலைந்தவை இருந்தால், அவை மண்ணில் பெருகும், முடிச்சு மட்டும் போடாது. தயாரிப்பாளர் பக்கம் கவனிக்க வேண்டியது வேறு. தாய் வளர்ப்பைச் சாய்வுக் குழாயில் ஆண்டுக்கணக்காக மாற்றி மாற்றி வளர்ப்பதைவிட, செடியில் சோதித்த வளர்ப்பை 20 சதவீத கிளிசரினில் மைனஸ் 80 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு பருவமும் அதிலிருந்தே புதிதாகத் தொடங்குவது பாதுகாப்பு.

வாங்குபவர், தயாரித்த தேதியையும் எந்தப் பயிருக்கு என்பதையும் பாருங்கள். தட்டைப்பயறுக்கான ரைசோபியத்தை பீன்ஸுக்குப் போட்டு முடிச்சு வரவில்லை என்றால் பிளாஸ்மிடைக் குறை சொல்ல முடியாது; அது வேறு பாக்டீரியா. ஹெக்டேருக்குரிய விதைக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையின் மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்வதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மலையிறங்கிப் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலக்கடலை போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலை வேரில் முடிச்சுப் போடுவது பிராடிரைசோபியம். அந்த வகையில் முடிச்சு மரபணுக்கள் பொதுவாகக் குரோமோசோமிலேயே ஒரு பெரிய திட்டாக இருக்கின்றன. சோயாபீன் வேரில் முடிச்சுப் போடும் யுஎஸ்டிஏ 110 என்ற பிராடிரைசோபியம் ரகத்தில் அந்தத் திட்டு 6.8 லட்சம் கார இணை. ஆகவே கடலையில் முடிச்சு குறைந்தால் பிளாஸ்மிட் இழப்பைத் தேடாமல், பாக்கெட்டில் உயிருள்ள செல் எண்ணிக்கை, மண்ணின் அமிலத்தன்மை, மாலிப்டினம், அடியுரமாகப் போட்ட யூரியாவின் அளவு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.